முழங்கை

"உங்க வீட்டு நோன்புக் கஞ்சியைக் குடிச்சு வளந்தவன் பாய் என் பையன். அவனுக்கு உங்க பிள்ளை செஞ்சிருக்கற வேலையைக் கேளுங்க."

புதுப்பட்டினம் பஜாரில் ஜெயினுலாபுதீனின் செருப்புக் கடை. வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் வெங்கடராகவன் ஆரம்பித்துவிட்டார். திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். தெருவில் குரலை உயர்த்துகிறவர் இல்லை.

"உக்காருங்க சார். இன்னா செஞ்சான்?"

"அவனையே கேளுங்க."

உவைஸ் ஏணியில் நின்று மேல் தட்டில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இறங்கி வந்தான்.

"ஸ்ரேயாஸ் மாங்கா அடிக்கிறான்னு அம்பயர்கிட்ட புகார் கொடுத்திருக்கான். பந்து போடாம கையை மடக்கி எறியறானாம். எதிர் டீம்காரன் சொன்னா விட்டுடலாம். சொந்த டீம் கீப்பர் சொல்லலாமா? அடுத்த வாரம் ஸ்டேட் கேம்ப். கையை டெஸ்ட் பண்ணி முடிக்கற வரைக்கும் பந்தைத் தொடாதேன்னுட்டாங்க."

ஜெயினுலாபுதீன் மகனைப் பார்த்தார். "மெய்யாலுமா?"

"ஆமா அத்தா. அவன் கை மடங்குது."

"சின்னதுலேர்ந்து ஒண்ணாத்தானே ஆடிகினு கீறீங்க. இத்தினி நாள் மடங்கலியா?"

"இப்பதான் மடங்குது."

"கேம்ப்ல உனக்கு இடம் கிடைக்கலை, அவனுக்குக் கிடைச்சுது. விஷயம் அவ்வளவுதானே?" என்றார் வெங்கடராகவன்.

உவைஸ் தரையைப் பார்த்தான்.

"அப்படி இல்லன்னாவது சொல்லேன்டா" என்றார் அவன் அப்பா.

உவைஸ் ஏணிப் பக்கம் திரும்பினான்.

பக்கத்துக் கடையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "இன்னா உவைசு, அம்பயர் வேலைக்குப் போறியாமே" என்றார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஸ்ரேயாஸோட அம்மா அன்னிக்கே சொன்னா..." என்று தொடங்கிய வெங்கடராகவன் நிறுத்திக்கொண்டார். என்ன சொன்னாள் என்று ஜெயினுலாபுதீன் கேட்கவில்லை.

சோதனை சிறுசேரியில் நடந்தது. நீளமான கூடம், வலை, சுற்றிலும் கேமராக்கள். ஸ்ரேயாஸ் சொன்னபடியெல்லாம் ஓடி வந்து பந்து போட்டான். முடித்ததும் அங்கே சோதனை செய்யும் ஹம்சினி என்ற பெண் அவனையும் அப்பாவையும் தன் கம்ப்யூட்டருக்கு அழைத்துப்போனாள்.

திரையில் ஸ்ரேயாஸ் ஓடி வந்தான். அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று மூட்டுக்கு மூட்டு கம்ப்யூட்டரே புள்ளி வைத்துக் கோடு இழுத்தது. பிறகு உடம்பு மறைந்து கோடுகள் மட்டும் ஓடின. பிள்ளையை அப்படிப் பார்க்க வெங்கடராகவனுக்கு ஒரு மாதிரி இருந்தது.

"கையில ஒரு தப்பும் இல்லை சார். இந்த அளவு எல்லாருக்கும் மடங்கும். இது எறியறது கிடையாது."

வெங்கடராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை என் போனுக்கு அனுப்ப முடியுமாம்மா? ஒரு இடத்துல காட்டணும். புகார் கொடுத்தவனோட அப்பா எதிர்ல, அந்தக் கடைவீதியில வெச்சுக் காட்டணும்."

"வேணாம்ப்பா" என்றான் ஸ்ரேயாஸ்.

"நீ பேசாம இரு."

ஹம்சினி எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு இருக்கு சார்."

முதல் பந்தை நீலக் கோடுகளாகவும் கடைசிப் பந்தைச் சிவப்புக் கோடுகளாகவும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள். கைகள் அப்படியே பொருந்தின. முதுகு பொருந்தவில்லை.

"இடுப்பு ஒரு பக்கம் போகுது, தோள் வேற பக்கம் போகுது. போடப் போட இடது பக்கமா சாய்மானம் கூடிக்கிட்டே வருது. வலியைத் தாங்கிக்கிட்டுப் போடறவங்க இப்படிச் சாய்வாங்க." ஸ்ரேயாஸிடம் திரும்பினாள். "முதுகு வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா" என்றார் வெங்கடராகவன்.

ஸ்ரேயாஸின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"எப்போலேருந்து?" என்றாள் ஹம்சினி.

"தீபாவளிலேருந்து. மாத்திரை போட்டுக்கிட்டுதான் பவுலிங் போடறேன்."

வெங்கடராகவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வீடியோவை வெச்சு எலும்பைப் பத்திச் சொல்ல முடியாது சார். செங்கல்பட்டுல டாக்டரைப் பாத்து ஸ்கேன் எடுத்துடுங்க. அதுவரைக்கும் ஒரு பந்துகூட வேண்டாம். இந்த மாதிரி சாயறவங்களுக்கு முதுகெலும்புல விரிசல் விழும். அதோட கேம்ப்ல போய் நாள் முழுக்கப் போட்டிருந்தா, கிரிக்கெட்டை விடுங்க, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டறதே கஷ்டமாயிருக்கும்."

"ஒரே வீட்டுல இருக்கோம். எனக்குத் தெரியலை. அவன் அம்மாவுக்கும் தெரியலை."

"எங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. கை மேல புகார்னா கையை மட்டும்தான் பாத்து அனுப்புவோம். நேத்து ஒரு பையன் போன் பண்ணினான். உங்க டீம் கீப்பராம். உடம்பு முழுக்கப் பாப்பீங்களா அக்கா, கை மட்டுமான்னு கேட்டான். ஏம்பான்னேன். காரணம் சொல்லலை. முழுசாப் பாருங்கன்னு மட்டும் கெஞ்சினான்."

வெங்கடராகவன் மகன் பக்கம் திரும்பினார்.

ஸ்ரேயாஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே சிவப்பு உருவம் திரும்பத் திரும்ப ஓடி வந்து சாய்ந்துகொண்டிருந்தது.

"முதுகு வலியைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்ப்பா. அதான் கையைச் சொல்லியிருக்கான்."