நத்தை கேட்ட கேள்வி

"அணில் நாளைக்கு மூணாவது தடவையா பரீட்சை எழுதப் போகுதாம். இதையும் கோட்டை விட்டா, தோப்புக் கணக்கர் வேலை ஓணானுக்குத்தான்" என்று இரண்டு காக்கைகள் பேசிக்கொண்டது அணிலின் காதில் விழுந்துவிட்டது.

பதறிப்போன அணில், கணக்கியல் கோட்பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தோழி நத்தையிடம் ஓடியது.

"எதையாவது கேளுடி. ஒரு எழுத்து பிசகாம சொல்றேன்."

"தேய்மானம்னா என்ன?"

அணில் கண்ணை மூடி, வாலை ஆட்டி ஆட்டி, மூச்சுவிடாமல் பத்து வரி ஒப்பித்தது.

"அழகாத்தான் இருக்கு" என்றது நத்தை. "ஆனா என் ஓடு வருஷா வருஷம் பெரிசாகிட்டே போகுதே. அதுக்கும் தேய்மானம் எழுதணுமாடி?"

அணில் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியது. நத்தை ஓடு எந்தப் பக்கத்திலும் இல்லை.

"இதெல்லாம் பரீட்சையில வராது!"

"வந்தா?"

அணிலின் வால் அப்படியே நின்றுவிட்டது. போன இரண்டு தடவையும் இதே பத்து வரியைத்தான் அது எழுதிவிட்டு வந்திருந்தது. அதில் ஒரு வரிக்குக்கூடத் தனக்கு அர்த்தம் தெரியாது என்பது இப்போதுதான் உறைத்தது.

அந்தப் பத்து வரியையும் முதல்முறையாக ஒவ்வொன்றாக, பொருள் பார்த்து வாசித்தது. பிறகு புத்தகத்தை மூடி, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, "உன் ஓட்டுக்கு அப்புறம் வரேன். நாம ஒரு குடை வாங்குறோம், அது நாலு மழைக்காலம் தாங்கும்னு வச்சுக்கோ. அப்போ ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அதோட விலையில கால் பங்கு குறைஞ்சதா எழுதணும்..." என்று சொல்ல ஆரம்பித்தது.