அறுபத்து மூன்று கேசட்

"அந்தக் கேசட்டுகளை மட்டும் குடுங்க. நூலகத்துல உங்க பேர்லயே ஒரு அறை!" என்றார் டீன் ஹோல்கம்.

"வேணாங்க," என்றார் பேராசிரியர் ஆர்னெட்டா, கேரமல் கேக்கை வெட்டிக்கொண்டே.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் முப்பத்தொரு வருடம் சமூகவியல் நடத்தியவருக்கு இன்று ஓய்வு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்துத் துவைத்த கறுப்பினப் பெண்களைத் தேடிப்போய்ப் பேச வைத்து, அறுபத்து மூன்று கேசட் பதிவு செய்தார். அதை வைத்து எழுதிய புத்தகம்தான் அவரைப் பெரிய ஆளாக்கியது. புத்தகத்தில் எல்லோருக்கும் மாற்றுப் பெயர். யார் யாரென்று அவருக்கு மட்டுமே தெரியும்.

மாணவர்கள் எத்தனை பேர் கெஞ்சியும் அந்தக் கேசட் பெட்டியைத் திறக்கவில்லை. துறை அலுவலகத்தில் இருபது வருடமாக டைப் அடிக்கும் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

கேட்டேவிட்டேன்.

"அந்தப் பொம்பளைங்க வாயைத் திறந்ததாலதானே நீங்க பேராசிரியர் ஆனீங்க? அதை இன்னொருத்தர் கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"வெர்னிஸ், உனக்கு வாய் ஜாஸ்தி," என்று சிரித்தார். "அந்தப் பெட்டியைக் கார்ல கொண்டுவந்து வை."

தூக்கினேன். கனமே இல்லை. கார் அருகே மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு கேசட்.

"மத்ததெல்லாம் எங்க மேடம்?"

"பேசினவங்ககிட்டயே குடுத்துட்டேன். இல்லாதவங்களோடது அவங்க பிள்ளைங்ககிட்ட. பதிவு பண்றப்பவே குடுத்த வாக்கு. டீன்கிட்ட சொன்னா வீடு வீடாப் போய் நிப்பார்."

"அப்ப இது?"

"இதைத்தான் கடைசிக்கு வச்சேன். முன்னாடியே குடுத்திருந்தா, நீ வேலையா பார்த்திருப்பே? அழுதுட்டு உக்காந்திருப்பே."

கேசட்டைத் திருப்பினேன். பென்சிலில் 'ஓசெல்லா' என்று எழுதியிருந்தது. என் அம்மா. அவளும் பேசியிருக்கிறாளா! அவள் போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறக்க ஆரம்பித்திருந்தது.

ஆர்னெட்டா அதை வாங்கித் தன் பழைய காரின் டேப்பில் போட்டார். கரகரவென்று கொஞ்ச நேரம் ஓடியது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுவோம்மா," என்றாள் அம்மா. "பக்கத்து ரூம்ல என் பொண்ணு வெர்னிஸ் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கா."