கோளாறு மெஷின்லதான்

“கோளாறு மெஷின்லதான் தம்பி. வேணும்னா நீங்களே ஆடிப் பாருங்க.”

வந்தவர் கையடக்க கேம் கருவியை ரிப்பேர் கடைக்காரர் முன்னால் வைத்தார். ஐம்பது வயதிருக்கும். கசங்கிய டீ-ஷர்ட், சவரம் செய்யாத முகம். மத்தியானம் மூன்று மணிக்கு விளையாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறாரே, வேலைவெட்டி கிடையாதா என்று கடைக்காரருக்கு எரிச்சலாக வந்தது.

கடைக்காரரின் மனசு கடையிலேயே இல்லை. அடுத்த தெரு ஆஸ்பத்திரியில் அவருடைய ஆறு வயது மகள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்தாள். நாலு மணிக்குக் கண் ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டார்கள். இன்னும் தள்ளினால் அந்தக் கண்ணில் பார்வை தங்குமா என்பதே சந்தேகம். மூன்று மாதமாக மனைவிதான் பிள்ளையை அழைத்துக்கொண்டு அலைகிறாள். இன்றாவது கூட இருக்கலாம் என்று போனால், வார்டில் அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்த நடையைப் பார்த்துவிட்டு, “நீங்க இங்க நின்னா பிள்ளைதான் பயந்துடும். கடைக்குப் போங்க, டாக்டர் வந்ததும் கூப்பிடறேன்” என்று விரட்டிவிட்டாள்.

“என்ன பண்ணுது சார்?” என்று வேண்டாவெறுப்பாகக் கேட்டார்.

“அந்தக் காலத்துப் பின்பால் மெஷின், பந்து கீழ விழாம தட்டித் தட்டி ஆடறது, எல்லாத்தையும் அச்சு அசலா இதுக்குள்ள கொண்டுவந்திருக்காங்க. காலேஜ் படிக்கறப்ப நான் ஆடின மெஷின்கூட இருக்கு. பந்து கீழ விழப்போகுதுன்னா இதை லேசா ஒரு ஆட்டு ஆட்டலாம். ரொம்ப ஆட்டிட்டா ‘டில்ட்’னு வந்து பந்து போயிடும். ஆனா நான் ஆட்டவே இல்ல தம்பி. சும்மா பிடிச்சுக்கிட்டிருக்கேன், அதுக்கே டில்ட்டுங்குது. ரெண்டு மூணு மாசமா இதே ரோதனை.”

“விளையாட்டுதானே சார். வச்சிட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கறேன்.”

“இல்ல. இப்பவே தெரிஞ்சாகணும்.”

இது என்னடா வம்பு என்று நினைக்கும்போதே போன் அடித்தது. மனைவி.

“டாக்டர் இன்னும் வரலங்க. மூணு மணிக்கெல்லாம் வந்துடுவாருன்னாங்க. நர்ஸம்மா முகமே சரியில்ல. இன்னைக்கும் தள்ளிப் போட்டுடுவாங்களோ?”

“அதெல்லாம் வந்துடுவாரு. பாப்பா என்ன பண்றா?”

“பசிக்குதுன்னு அழுது அழுது இப்பதான் ஓய்ஞ்சிருக்கா.”

கடைக்காரர் போனை வைத்தார். இந்த ஆளை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவிட வேண்டும். கருவியை எடுத்து ஆடத் தொடங்கினார். பந்து குதித்தது, மணிகள் கிணுகிணுத்தன, பாயின்ட் ஏறியது. டில்ட் வரவே இல்லை.

“இப்ப நீங்க ஆடுங்க.”

அவர் வாங்கிய பத்தாவது விநாடி, திரையில் டில்ட்.

கடைக்காரர் திரும்ப வாங்கினார். ஒரு குறையும் இல்லை. அவரிடம் கொடுத்தார். டில்ட்.

அப்போதுதான் வந்தவரின் விரல்களைக் கடைக்காரர் கவனித்தார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு லேசான நடுக்கம். நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தன.

“மெஷின்தானே தம்பி?” என்றார் அவர். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மை கடைக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. பாவம், சொன்னால் இங்கேயே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். மணி மூன்றரை ஆகப்போகிறது. நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆடப்போவது விளையாட்டுதானே.

“சந்தேகமே வேண்டாம் சார். சென்சார்ல தூசி.”

பின்மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் ஒப்புக்கு நாலு தேய்ப்புத் தேய்த்து மூடினார். அவர் பார்க்காதபடி திருப்பிக்கொண்டு, ஆட்டத்தின் செட்டிங்கில் அசைவு என்ற பகுதியையே அணைத்துவிட்டார். இனிமேல் கருவியைத் தலைகீழாக உலுக்கினாலும் டில்ட் வராது.

“இப்ப ஆடுங்க சார்.”

அவர் ஆடினார். ஒரு பந்து, இரண்டு பந்து. பாயின்ட் பத்து லட்சத்தைத் தாண்டியது. டில்ட் இல்லை. நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“பெரிய பாரத்தை இறக்கிட்டீங்க தம்பி. நல்லா இருப்பீங்க.”

கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வந்ததற்கு நேர்மாறாகத் துள்ளலாக இறங்கிப் போனார். ஒரு பொய்க்கு இத்தனை மரியாதையா என்று கடைக்காரருக்குக் கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கும்போது மறுபடி போன்.

“என்னங்க, நம்ம டாக்டர் இப்பதான் போன் பண்ணினாராம்!” மனைவியின் குரலில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “இன்னைக்கும் தள்ளிப் போடறதா இருந்தாராம், இப்ப செய்யறேன்னு சொல்லிட்டாராம். பாப்பாவை உள்ள கொண்டுபோயிட்டாங்க. இவ்வளவு நேரம் எங்க போயிருந்தாருன்னு கேட்டா நர்ஸம்மா சிரிக்கறாங்க, ஏதோ விளையாட்டு மெஷின்ல கோளாறுன்னு கடைக்குப் போயிருந்தாராம்!”