ஒகாய்க்கு ஒரு போஸ்டர்

"செத்தவனுக்குக் குத்துச்சண்டை எழுத்தா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு, டாக்கி?"

கோர்க்கோர் போட்ட சத்தத்தில், எதிர்க்கடையில் கெங்கி என்ற சோள மாவு உருண்டையும் மீனும் தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி ஒகாயின் இரங்கல் போஸ்டருக்காக அட்ஜேலேயின் போஸ்டர் கடைக்கு வந்திருந்தாள். கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவன் டாக்கி. கானாவின் அக்ரா நகரமே தலையில் தூக்கி வைத்து ஆடும் குத்துச்சண்டை சாம்பியன். பயிற்சியில் அவனிடம் அடி வாங்குவதே ஒகாய்க்குப் பிழைப்பாக இருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் அட்ஜேலே திருதிருவென்று விழித்தாள். டாக்கி கேட்ட எழுத்துரு, குத்துச்சண்டைப் போஸ்டர்களுக்கென்று அவள் உருவாக்கியதுதான். தேய்ந்துபோன சுண்ணாம்பு மட்டையால் சிமென்ட் பைக் காகிதத்தில் ஒவ்வோர் எழுத்தாக இழுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். ஓரமெல்லாம் நார் நாராகப் பிரிந்திருக்கும். நடுவில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருக்கும். ஆனால் ஓடுகிற வேனிலிருந்தும் படிக்கலாம்! மீன் கடை, சலூன், சர்ச் கச்சேரி என்று புக்கோம் பேட்டையில் அந்த எழுத்து ஏறாத சுவரே இல்லை.

இரங்கல் போஸ்டருக்கு மட்டும் அதை யாரும் கேட்டதில்லை. அதற்கென்று சாய்ந்த தங்க நிற எழுத்து இருக்கிறதே.

"அண்ணே, பாக்கறவங்க சண்டைக்கு டிக்கெட் விக்கிறாங்கன்னு நெனைப்பாங்க," என்றாள் அட்ஜேலே.

"நெனைக்கட்டும். ஒகாய் பேரு அந்த எழுத்துலதான் வரணும். பெருசா."

"உயிரோட இருந்தப்போ தெனம் அடிச்சே. இப்பவும் ஊர் சிரிக்கணுமா?" கோர்க்கோருக்குக் குரல் உடைந்தது. "அவனை மரியாதையா அனுப்பி வைக்கணும்டா. எனக்கு அது ஒண்ணுதான்."

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம், அக்கா. பிடிக்கலைன்னா அழிச்சுடறேன்," என்றாள் அட்ஜேலே.

ஒகாய். கறுப்பில் எழுந்தது பேர். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கால் ஊன்றி நின்றது.

கோர்க்கோர் விரலால் திரையைத் தடவினாள்.

"எம்புட்டு கம்பீரமா நிக்கிறான் பாரு!"

"சரி, இதையே வச்சுக்கலாமா, அக்கா?"

அவள் தலையாட்டப் போகும் நேரத்தில் டாக்கி குறுக்கே விழுந்தான். "அப்படியே என் பேரும் அதுல வரணும்."

"பாத்தியா! குட்டு வெளிப்பட்டுடுச்சு!" என்று பாய்ந்தாள் கோர்க்கோர். "என்னடா இவ்வளவு அக்கறைன்னு நெனைச்சேன்! சாவுலயும் உனக்கு விளம்பரமா?"

துக்கப் போஸ்டரில் யார் பேர் முதலில் என்று குடும்பங்கள் வெட்டிக்கொள்வதை அட்ஜேலே நிறையப் பார்த்திருக்கிறாள். இவனுமா என்று அவளுக்கும் எரிச்சலாக வந்தது.

"சாம்பியன் பேராச்சே, எங்கே போடட்டும் அண்ணே? அவரு பேருக்கு மேலேயா?"

டாக்கி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் சண்டைப் போஸ்டர்ல எல்லாம் ஒகாய் பேரைக் கீழே ஒரு மூலையில எறும்பு சைஸ்ல போடுவியேம்மா... அந்த இடத்துல, அதே சைஸ்ல போடு."