முந்தானையில் பச்சை நூல்

டிவியில் மறுபடியும் சாய்பிரசாத் அந்த நடிகையின் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

காலையிலிருந்து இழுத்துக்கொண்டேதான் இருக்கிறான். ஒரு சேனலில் மெதுவாக, ஒரு சேனலில் வேகமாக, இன்னொன்றில் பேய்ப்பட இசையோடு.

பெற்றவள் சுந்தரவல்லிக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. மதுரையில் தல்லாகுளம் பூராவும் இதே பேச்சு. பால்காரர்கூட வழக்கமான குசலம் விசாரிக்காமல் பாக்கெட்டை வைத்துவிட்டு நழுவினார்.

நேற்று சென்னையில் சினிமா விருது விழா. புதுமுக நடிகைக்கான விருது தன்வி என்ற பம்பாய்ப் பெண்ணுக்கு. கொடுக்க மேடையேறியவன் சாய்பிரசாத். கொடுத்தோமா, கும்பிட்டோமா, இறங்கினோமா என்றில்லாமல் அவள் முந்தானை நுனியை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டான். ஏதோ சொல்லவும் செய்தான்.

போதாதா? மேடையில் சேலையை உருவினான் என்று ஊரே கூடிக் கும்மியடிக்கிறது. வாயசைவைப் படிக்கத் தெரிந்த நிபுணர் ஒருவர், அவன் சொன்னது கெட்ட வார்த்தையேதான் என்று அடித்துச் சொல்கிறார். திங்கட்கிழமை தொடங்கும் படத்திலிருந்து அவனைத் தூக்கிவிடுவோம் என்று தயாரிப்பாளர் அறிக்கை விட்டுவிட்டார். நாயாய்ப் பேயாய் அலைந்து அவனுக்குக் கிடைத்த முதல் கதாநாயகன் வேஷம் அது.

உருவினானாம்! சுங்குடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவர்கள்.

துணியில் நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்குவது சுங்குடி. பிரித்தால் ஒவ்வொரு முடிச்சுக்கும் உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். கையால் கட்டியதுதான் என்று காட்ட முடிச்சோடேயே கொடுப்பார்கள். உடுத்துவதற்கு முன் துணியைக் குறுக்காகப் பிடித்து இழுத்தால் படபடவென்று எல்லாம் தெறிக்கும். சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. சாய்பிரசாத் தவழ்கிற வயதிலேயே முடிச்சுத் துணியைக் கண்டால் விடமாட்டான்.

அந்தப் பெண்ணோ அத்தனை முடிச்சையும் அப்படியே வைத்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்திருக்கிறாள். அதையும் விழா வாசலில், 'என்ன ஒரு நூதன வேலைப்பாடு!' என்று புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். எவனோ ஒரு டிசைனர் அது தன் கற்பனை என்று போட்டோ வேறு போட்டிருக்கிறான். கர்மம்.

முடிச்சைப் பார்த்ததும் இவன் கை சும்மா இருக்கவில்லை. கேட்காமல் கொள்ளாமல் ஒரு பெண்ணின் சேலையில் கை வைத்ததற்கு நாலு சாத்து சாத்த வேண்டியதுதான். அதில் சுந்தரவல்லிக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அதற்காக, உருவினான் என்பதா?

அந்தக் 'கெட்ட வார்த்தை' அவர்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷை. முடிச்சைப் பிரிக்காமலா கட்டினாய் என்று கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இதை வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன? இவள் போன் போட்டால், "நீ யார்ட்டயும் எதுவும் பேசாதம்மா" என்று வைத்துவிட்டான். வாசலில் மைக்கோடு ஒரு கூட்டம் நின்றது. சுந்தரவல்லி கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறுதல் சொல்ல வந்த பக்கத்து வீட்டு ஆனிமேரி டீச்சர், ரிமோட்டைக் கைப்பற்றிச் சேனல் சேனலாகத் தாவிக்கொண்டிருந்தாள். நல்ல ஆறுதல்.

"ஏங்க்கா, உங்க பாஷை அந்தப் பம்பாய்ப் பிள்ளைக்கு எப்படிப் புரிஞ்சுச்சு?"

"அவளுக்கு என்னத்தப் புரியும்? முழிச்சுக்கிட்டு நின்னிருப்பா."

"இல்லக்கா, இதப் பாருங்க. என் செல்லுல முழுசா இருக்கு."

டிவிக்காரர்கள் வெட்டியெறிந்த மிச்சமெல்லாம் அதில் இருந்தது. சாய்பிரசாத் ஏதோ கேட்கிறான். தன்வி நாக்கைக் கடித்துக்கொண்டு தலையில் தட்டிக்கொள்கிறாள். பிறகு முந்தானையை அவளே எடுத்து அவனிடம் நீட்டுகிறாள்.

டீச்சர் படத்தைப் பெரிதாக்கினாள். சுந்தரவல்லி செல்லைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டாள்.

முடிச்சு நூலெல்லாம் சேலையோடு சேர்ந்து அரக்குச் சாயம் ஏறியிருக்க, முந்தானை ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. வெள்ளை நூல் தீர்ந்த அன்று, கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, கையில் கிடைத்த பச்சை நைலான் நூலால் சுந்தரவல்லியே கட்டிய வரிசை. நைலானில் அந்தச் சாயம் ஏறவில்லை.

அவள் பீரோவில் பத்திரமாக இருந்த சேலை. ஷூட்டிங்குக்கு வேண்டும் என்று போன ஆடியில் சாய்பிரசாத் வாங்கிக்கொண்டு போனான். ஷூட்டிங்காம், ஷூட்டிங்!

மகனுக்கு மறுபடி போன் போட்டாள். "நான்தான் சொன்னேன்லம்மா" என்று ஆரம்பித்தவனை மேலே பேசவிடவில்லை.

"பக்கத்துல இருக்கிறவகிட்டப் போனக் குடு."

அந்தப் பக்கம் போன் கைமாறியது. பிறகு ஒரு பெண் குரல் வந்தது. அவர்கள் வீட்டுப் பாஷையைக் கடித்துக் குதறியது, ஆனாலும் அதிலேயே பேசியது.

"அம்மா, தப்பு என்னோடது. பிரிச்சுட்டுக் கட்டுன்னு அவர் சொன்னார், நான் மறந்துட்டேன். எங்க விஷயம் தெரிஞ்சா எனக்குப் படம் கிடைக்காதுன்னு அவர் பேச மாட்டேங்கிறார். படம் போனாப் போகட்டும், நான் டிவியில சொல்லிடறேன். சேலை யார் குடுத்ததுன்னு கேப்பாங்களே, என்ன சொல்லட்டும்?"

சுந்தரவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இவனுக்குப் பெண் தேடி ஜாதகத்தோடு தெருத்தெருவாக அலைய விட்டிருக்கிறான், பாவிப்பயல்.

"ரெண்டு பேரும் ஊருக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு" என்றாள். "இப்ப அம்புட்டுப் பேரும் கேக்குற மாதிரிச் சொல்லு. எங்க மாமியா, வரப்போற மருமகளுக்குன்னு கட்டி வச்ச சேலைன்னு சொல்லு."