மாவு மாத்திரை

ஐ.சி.யூ. கதவு திறந்தபோது பெரியவள் மனசுக்குள் ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள். கொழுந்தன் செத்தாலும் சரி, எதனால் செத்தான் என்று மட்டும் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. பாவி மனசு, வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை அதற்கு.

வெளியே வந்த டாக்டர் தலையை ஆட்டினார். "காப்பாத்த முடியலம்மா. ரெண்டாவது தடவை வந்தது ரொம்பப் பெருசு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னவள் அழவில்லை. தலை நிமிரவும் இல்லை.

அண்ணன் தம்பிகளான இவர்கள் புருஷன்மார் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் கை கால் விழுந்து, வாய் கோணிப்போய், ஒருவழியாகத் தேறி வந்தார்கள். பக்கவாதம் திரும்ப வராமல் தடுக்க ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறோம், சேருகிறீர்களா என்று இதே ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இருவரும் சேர்ந்தார்கள்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது" என்று டாக்டர் விளக்கினார். ஓரகத்திகள் இருவரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டி, ஆளுக்கொரு டப்பாவை வாங்கி வந்தார்கள்.

டாக்டருக்கே தெரியாதது பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸ் இவளிடம் டப்பாவை நீட்டியபோது முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சின்னவளிடம் கொடுத்தபோது பல்லைக் காட்டிச் சிரித்தாள். போதாக்குறைக்கு, வீட்டுக்கு வந்ததும் சின்னவள் தன் டப்பாவை அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

"நல்ல மாத்திரையா இல்லேன்னா எதுக்குங்க ஒளிச்சு வைக்கணும்?" என்று பெரியவள் புருஷனிடம் குசுகுசுத்தாள்.

"உனக்கு வேற வேலையே இல்லையா? நாளையிலேர்ந்து முழுங்கச் சொல்லியிருக்காங்க, எதைக் குடுத்தாலும் முழுங்கிட்டுப் போறேன்" என்றார் அவர்.

அவர் முழுங்கிவிடுவார். இன்னொரு தடவை விழுந்தால் தூக்கி நிறுத்தப்போவது யார்? முதல் தடவை அவரைக் குழந்தை மாதிரி ஊட்டி, துடைத்து, நடக்கவைத்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

சாயங்காலம் சின்னவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அந்த டப்பாவை எடுத்துவந்தாள். தன் டப்பாவைத் திறந்து தட்டில் கவிழ்த்தபோது, மேலே வைத்து அடைக்க வேண்டிய பஞ்சு அடியிலிருந்து கடைசியாக விழுந்தது. இதைக்கூட ஒழுங்காக அடைக்காதவர்கள் நமக்கா நல்ல மருந்து கொடுத்திருப்பார்கள் என்று எரிச்சலோடு, இதில் இருந்ததை அதிலும் அதில் இருந்ததை இதிலும் கொட்டி மூடினாள். பழையபடி துணிக்குப் பின்னால் செருகிவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது டாக்டர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மனுஷன் ரொம்ப ஆடிப்போயிருந்தார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி தெரிஞ்சாகணும்னு ஆராய்ச்சி ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டோம். இவருக்குக் கொடுத்தது நிஜ மருந்துதாம்மா. ஒரே வீடுங்கிறதால அண்ணனோடதையும் கேட்டோம், அவருக்குத்தான் மாவு. மருந்து சாப்பிடுறவங்க யாருக்கும் இதுவரைக்கும் திரும்ப வந்ததே இல்லையாம். இவருக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னே புரியல."

டாக்டர் உள்ளே போனார். கூசாமல் ஓர் உயிரைத் தின்றுவிட்டோம் என்று பெரியவளின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்கு நடுவிலும், வீட்டில் இருக்கும் மனுஷன் பிழைத்துக்கிடப்பார் என்று ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்கு அதிக வெட்கமாக இருந்தது.

"ஒரு வேளைகூடத் தவறவிடலக்கா" என்றாள் சின்னவள், தரையைப் பார்த்தபடி. "என் கையாலதான் குடுத்தேன்."

அதற்கு மேல் பெரியவளால் தாங்க முடியவில்லை. சின்னவளின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ குடுத்தது மாவுடீ. டப்பா வந்த அன்னிக்கே, நீ கடைக்குப் போனப்ப, ரெண்டையும் நான் மாத்திட்டேன். உன் தாலிய அறுத்தவ நான்தான். என்ன வேணா செய் என்னை."

சின்னவள் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை மெல்ல விட்டாள். பெரியவளின் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நீங்க மாத்துறதுக்கு முன்னாடியே நானும் ஒரு தடவை மாத்திட்டேன்க்கா. இப்ப வீட்டுல மாமா சாப்பிடுறதுதான் மாவு."