வாஸ்து மீனின் யோகம்

கூடத்துத் தொட்டியில் வாஸ்து மீனாக இருந்த அரோவானா தொட்டியை மீறி வளர்ந்திருந்தது; ஒருமுறை திரும்புவதற்கே உடம்பை வில்லாக வளைக்க வேண்டியிருந்தது. வளைந்து வளைந்து அதன் முதுகே கோணிவிட்டது. பார்க்கப் பார்க்க, கண்ணாடிப் பாசியைச் சுரண்டித் தின்னும் சக்கர் மீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா, துள்ளிக் குதிச்சுத் தண்ணியக் கொட்டி ரகளை பண்ணேன். பெரிய தொட்டியாவது வாங்குவாங்க."

"கண்ணாடி நக்குறவனுக்கு என்னடா தெரியும்? என்னாலதான் இந்த வீட்டுக்கே யோகம். தினமும் என் முகத்துலதான் முழிக்கிறாங்க."

"முழிக்கிறவன் என்னைக்காவது உன் முதுகைப் பார்த்தானா?"

அரோவானா கோணல் முதுகை வளைத்துத் திரும்பிக்கொண்டது. ஆடி பிறப்பதற்குள் வயிறு மேலாக மிதந்தது.

வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நமக்கு வந்த கண்டத்தை இது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்று மனைவியிடம் தழுதழுத்தார்.

சக்கர் மீன் வாலால் கண்ணாடியை அறைந்தது. "கண்டம் எங்கிருந்துய்யா வந்துச்சு? சுத்தி நீ வச்ச கண்ணாடிதானே இருக்கு!" வெளியே நின்றவர்களுக்குக் குமிழிதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை, அதே தொட்டியில் விரல் நீளக் குட்டி அரோவானா ஒன்றை இறக்கினார்கள். அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிப் பார்த்தது.

"அண்ணே, எவ்வளவு பெரிய வீடு! கடையில அத்தனை பேர்ல என்னைத்தான் எடுத்தாங்க. இனி நான் என்ன செய்யணும்?"

சக்கர் மீன் கண்ணாடியை விட்டு வாயை எடுத்தது.

"வளர்ந்து தொலைக்காதேடா."